கழிவறை கழுவத் தெரியுமா?

"ஒழுங்காப் படிக்கலேன்னா கக்கூஸ் கழுவத்தான் போகணும்." தமிழ்நாட்டில் இதைக் காதில் வாங்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. சொல்கிற அம்மா அப்பாவுக்கு யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இருக்காது. பிள்ளை முன்னேற வேண்டுமே என்ற பதைப்பில் வருகிற பேச்சு அது. ஆனாலும் அந்த மிரட்டல் பலிக்கிறது. கேட்கிற பிள்ளைக்கு இரண்டு விஷயம் ஏற்கெனவே மனதில் பதிந்திருப்பதால்தான் பலிக்கிறது. அது கேவலமான வேலை என்பது ஒன்று. அதைச் செய்ய ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டாம் என்பது இன்னொன்று.

முதலாவதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. கூலி பேசும்போதும், டெண்டர் போடும்போதும், ஆள் எடுக்கும்போதும் துப்புரவு வேலையை 'திறன் தேவையில்லாத வேலை' என்ற வரிசையில்தான் வைக்கிறார்கள். அப்படி வைத்துவிட்டு, விழா நாளில் சால்வை போர்த்தினால் மரியாதை வந்துவிடாது. அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரு கழிவறை எப்படிச் சுத்தமாகிறது, எங்கே கெடுகிறது, கெட்டால் யார் தலையில் விடிகிறது என்று தெரிந்துகொண்டவர்கள் அந்த வரிசையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாற்றத்திலிருந்தே தொடங்கலாம். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் அதிகம் திட்டு வாங்குவது இதற்குத்தான். "இவ்ளோ நாத்தம் அடிக்குது, கழுவுனீங்களா இல்லியா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். கழுவியிருப்பார்கள். தரை பளிச்சென்று இருக்கும், பினாயில் வாசனையும் வரும். அதையும் மீறி நாறும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

தரையில் தண்ணீர் வடிகிற ஜாலிக்கு, அதாவது ஓட்டை போட்ட தட்டுக்கு, அடியில் குழாயில் ஒரு வளைவு இருக்கும். அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஏசி ஓடுகிற கட்டடத்தில், அதிகம் புழங்காத கழிவறையில், தரையைத் துடைத்தே சுத்தம் செய்கிற இடத்தில், அந்தத் தண்ணீர் சில நாளில் வற்றிவிடும். பிறகு குழாய் வழியாக நாற்றம் நேராக உள்ளே வரும். எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. ஒரு பக்கெட் தண்ணீரை அந்த ஜாலியில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அனுபவப்பட்டவர்கள் விடுமுறை முடிந்து வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜாலியிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தந்ததில்லை, கூட வேலை பார்த்த மூத்த அக்கா சொன்னதாக இருக்கும்.

இரண்டாவது காரணம் உப்பு. போர் தண்ணீர் ஓடுகிற ஊரில் பீங்கான்மேல் சுண்ணாம்புப் படலம் படியும். யூரினலிலும் கமோடின் உள்விளிம்பிலும் சிறுநீரின் உப்பும் சேர்ந்து மஞ்சள் கல்லாக இறுகும். நாற்றம் அந்தக் கல்லுக்குள் இருக்கிறது. சோப்புத் தண்ணீரோ பினாயிலோ அதைக் கரைக்காது. அமிலம்தான் கரைக்கும், அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கமோடு தரையோடு சேரும் இடத்தில் கசிவு. அடிப்பக்கச் சிமெண்டில் கருப்புக் கோடு தெரிந்தால் அது பிளம்பரின் வேலை. துடைக்கிறவர் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மூன்றையும் முகர்ந்தும் பார்த்தும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை நாம் திறனற்றவர் என்கிறோம். குறையைச் சொல்ல அவருக்கு ஒரு வழியும் வைப்பதில்லை. 'ஜாலி வற்றியிருக்கிறது, கசிவு இருக்கிறது' என்று அவர் எழுதி வைக்கிற நோட்டு எத்தனை அலுவலகத்தில் இருக்கிறது? கதவுக்குப் பின்னால் தொங்குகிற தாளில் மணிக்கு மணி கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது அமிலம். கடையில் பாட்டிலில் விற்கிற கழிவறைத் திரவங்களில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். வண்டியில் கேனாக வருகிற 'ஆசிட்' அதைவிடப் பல மடங்கு வீரியமாக இருக்கக்கூடும், எவ்வளவு என்று கேன்மேல் எழுதியிருக்காது. விலை குறைவு என்பதற்காக அதை வாங்கித் தருகிறார்கள். முதலில் அது கறையை எடுக்கும், பார்க்க அதிசயமாக இருக்கும். கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டையும் தின்னும். சில மாதத்தில் இடுக்கு குழியாகி, தண்ணீர் உள்ளே இறங்கி, டைல்ஸைத் தட்டினால் டொக்கென்று கேட்கும். ஸ்டீல் குழாயின் மினுமினுப்பு அமில ஆவியிலேயே போய்விடும். மொசைக், மார்பிள் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் மங்கிப்போகும். பழி வழக்கம்போலக் கழுவினவர் மேல் விழும். கேனை வாங்கியவர் மேல் விழாது.

கம்பி நார் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். பீங்கானின் மேல்பூச்சு ஒருமுறை கீறிவிட்டால் அழுக்கு அந்தக் கீறலில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் அந்தக் கமோடு எவ்வளவு தேய்த்தாலும் பழசாகவே தெரியும். நைலான் பிரஷ் வாங்கித் தராமல் கம்பி நார் கொடுத்துவிட்டு 'பளபளப்பு வரலையே' என்று கேட்பது நியாயமே இல்லை.

சரியான முறையில் நேரத்தை வேலை செய்ய விட வேண்டும். முதலில் ஃப்ளஷ் செய்து, பிரஷ்ஷால் தண்ணீரைக் குழாய்ப் பக்கம் தள்ளி மட்டத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஊற்றுகிற திரவம் நீர்த்துப்போகும். பிறகு உள்விளிம்புக்கு அடியில் சுற்றி ஊற்றி, பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணாடி, வாஷ் பேசின், குழாய், கதவுப்பிடி, தாழ்ப்பாள், ஃப்ளஷ் பட்டன் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அதிகம் கை படுகிற இடங்கள் இவைதான், அவசரத்தில் விட்டுப்போகிறவையும் இவைதான். மேலிருந்து கீழே, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, கடைசி மூலையிலிருந்து வாசலுக்கு என்று போக வேண்டும். பேசினுக்கு ஒரு துணி, கமோடுக்கு ஒரு துணி. பல இடங்களில் கழிவறைக்குச் சிவப்புத் துணி என்று நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். துணி தீர்ந்துபோய், சிவப்புத் துணியாலேயே பேசினையும் துடைக்கும்படி ஆனால், அன்றைக்கு அந்தக் கழிவறை கழுவாமல் விட்டதைவிட மோசம்.

இந்த வேலையில் உயிருக்கே உலை வைக்கிற தவறு ஒன்று உண்டு. கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கழுவுகிறவர் குனிந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பார், அதாவது முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும். கதவு சாத்திய சின்ன அறை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது. கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல். 'ஆசிட் நெடி' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே திறந்த காற்றுக்கு வர வேண்டும். மூச்சு கொஞ்சம் சரியானதும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். அடைப்பு எடுக்கப் போடுகிற காஸ்டிக் சோடாத் தூளும் ஆசிட்டும் சேர்ந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். தூள் போட்ட குழாயில் ஆசிட் ஊற்றவே கூடாது.

ஆசிட் மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுப் பதினைந்து இருபது நிமிடம் கழுவ வேண்டும், துணியைக் கழற்றிவிட வேண்டும். வேறு எதையும் தடவ வேண்டாம். ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் சாப்பாட்டுப் பையும் அந்தப் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தாகத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'கிளவுஸ் கொடுத்தோம், அவங்கதான் போடறதில்ல' என்பது எல்லா நிர்வாகத்தின் வாயிலும் தயாராக இருக்கிற பதில். கொடுத்தது என்ன கையுறை என்று பாருங்கள். மருத்துவமனையில் ஊசி போடும்போது மாட்டுகிற மெல்லிய உறை அமிலத்துக்கு ஆகாது, பிரஷ் பிடித்துப் பத்து நிமிடம் தேய்த்தாலே கிழிந்துவிடும். வேண்டியது முழங்கைப் பக்கம் வரை வருகிற தடித்த ரப்பர் அல்லது நைட்ரைல் உறை. அதுவும் அளவாக இருக்க வேண்டும். ஒரே அளவில் நூறு ஜோடி வாங்கினால், சின்னக் கைகளுக்கு விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கும். பிரஷ் வழுக்கும், குழாய் திருக முடியாது. கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் செய்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பாகப் படும். உறையின் மேல்விளிம்பை இரண்டு அங்குலம் வெளிப்பக்கம் மடித்து விட வேண்டும். சுவரைத் தேய்க்கக் கையைத் தூக்கும்போது வழிகிற திரவம் அந்த மடிப்பில் தங்கிவிடும், கைக்குள் இறங்காது. வேலை முடிந்ததும் உறையைக் கையோடு வைத்தே சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் கழற்றி, உள்புறம் காயும்படி தொங்கவிட வேண்டும். ஈரம் காயாத உறையை மறுநாள் மாட்டினால் விரலிடுக்கில் புண் வரும்.

மாப் கட்டையின் உயரமும் அப்படி ஒரு விஷயம். நின்று பிடித்தால் கட்டை தாடை அளவுக்காவது வர வேண்டும். குட்டைக் கட்டை இருந்தால் நாள் முழுக்கக் குனிவுதான், இடுப்பு சில வருடத்தில் காட்டிக்கொடுக்கும். பிழிகிற பக்கெட் இல்லாமல் கையால் முறுக்கிப் பிழிந்தால் மணிக்கட்டு போகும். தரையைத் துடைக்கும்போது பின்பக்கமாக நடந்துகொண்டே எட்டு போடுகிற மாதிரி இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் அழுக்கை மூலைக்கு அனுப்புவதுதான் நடக்கும். இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று கிருமி மருந்துத் தண்ணீருக்கு. ஒரே பக்கெட் என்றால் மூன்றாவது அறைக்குப் போகும்போது சாக்கடையைத்தான் தரையில் பூசிக்கொண்டிருப்போம். சாயங்காலம் மாப்பை அலசி வெயிலில் தலைகீழாக நிறுத்த வேண்டும். ஈரத்தோடு பக்கெட்டிலேயே விட்ட மாப் மறுநாள் காலையில் கட்டடம் முழுக்க ஒரு புளித்த வாடையைப் பரப்பும். அந்த வாடையோடு வேலை நாள் தொடங்குகிற அலுவலகங்கள் எத்தனையோ உண்டு.

மருத்துவமனையில் இதே வேலை இன்னும் கூர்மையானது. தரையில் ரத்தம் சிந்தினால் மாப்பை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. எச்சரிக்கைப் பலகை வைத்து, கையுறை மாட்டி, உறிஞ்சுகிற துணியையோ காகிதத்தையோ மேலே போட்டு மூடி, வெளியிலிருந்து உள்நோக்கி 1 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமி மருந்தை ஊற்றிக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு அள்ளி மஞ்சள் பையில் போட்டு, அந்த இடத்தைச் சோப்பால் கழுவி, மறுபடி மருந்து விட வேண்டும். கடையில் வருவது 5 சதவீதக் கரைசல் என்றால் 200 மில்லிக்கு 800 மில்லி தண்ணீர். பிளீச்சிங் பவுடராக இருந்தால், நல்ல தூளில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும், லிட்டருக்கு 33 கிராம். கணக்கு அதோடு முடிவதில்லை. தூள் காற்றுப்பட்டு நமத்துப்போனால் வீரியம் போய்விடும். கரைசல் வெயிலில் இருந்தால் அதுவும் போய்விடும். அன்றன்றைக்குக் கலக்கி, வெளிச்சம் புகாத கேனில் மூடி வைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே மருந்தை ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. அதனால் சிந்தல் இல்லாத சாதாரணத் தரையில் சோப்பு முதலில், மருந்து பிறகு. சிந்திய ரத்தத்தில் மட்டும், கழுவுகிறவரின் பாதுகாப்புக்காக, மருந்து முதலில். இந்த வரிசை மாற்றம் ஏன் என்று தெரிந்த ஆயாம்மா ஒரு வார்டுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று தொற்றுத் தடுப்பு நர்ஸ்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குப்பைப் பையைத் தூக்குவதில்கூடப் பாடம் இருக்கிறது. கழுத்தைப் பிடித்து, காலில் உரசாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இன்னும் கொஞ்சம் இடம் பிடிக்கட்டும் என்று கையால் அமுக்கக் கூடாது. மூடி போட்ட ஊசியைப் பொதுக் குப்பையில் போட்ட டாக்டரோ நர்ஸோ அந்த நேரம் வேறு மாடியில் இருப்பார், குத்துவது இவர் தொடையில். குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. எல்லோருக்கும் என்றால் ஒப்பந்தத்தில் வந்தவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் திட்டுவார்களோ என்று பயந்து, குத்தியதையே சொல்லாமல் புடவையில் துடைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை அவர்களுக்குள் வைத்தது யார்? ஒரு வார்டில் துப்புரவுப் பணியாளர் நர்ஸிடம் தைரியமாக 'ஊசி குத்திடுச்சு சிஸ்டர்' என்று சொல்ல முடிகிறதா என்பதை வைத்தே அந்த மருத்துவமனை அவரை மனுஷியாக மதிக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம்.

இனி நேரக் கணக்கு. ஆறு கமோடு, நாலு பேசின் இருக்கிற ஒரு பெண்கள் கழிவறையை எடுத்துக்கொள்வோம். பலகை வைத்து, குப்பை கூட்டி எடுக்க 5 நிமிடம். திரவம் ஊற்ற 4. பேசின், கண்ணாடி, கைப்பிடிகள் 12. ஆறு கமோடைத் தேய்க்க 12, வெளிப்பக்கமும் இருக்கையும் துடைக்க 9. நாப்கின் கூடைகளை மாற்ற 4. தரை கழுவி வைப்பர் போட்டு இழுக்க 10. மொத்தம் 56, ஒரு மணி நேரம் என்றே வையுங்கள். இது காலையில் ஒருமுறை செய்கிற முழுக் கழுவல். அப்புறம் இரண்டு மணிக்கொருமுறை மேலோட்டமாகப் பார்க்க 10 நிமிடம் வீதம் நாலு முறை. எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ போக ஏழு மணி நேரம் கையில் நிற்கும். இப்படி மூன்று கழிவறைக்கு ஐந்து மணி நேரம், மாப் அலசக் குப்பை இறக்க இன்னும் ஒரு மணி நேரம். ஏழுக்குள் அடங்கும், யாராவது வாந்தி எடுத்தால் ஓடவும் நேரம் இருக்கும். அதே ஆளிடம் ஐந்து கழிவறையை ஒப்படைத்தால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். ஏழு மணி நேரத்தில் ஒன்பது மணி நேர வேலையைச் செய்ய ஒரே வழி, பத்து நிமிடம் ஊற வேண்டிய திரவத்தை ஒரு நிமிடத்தில் கழுவிவிட்டு, கதவுத் தாளில் எல்லாக் கட்டத்துக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதுதான். அப்புறம் 'இந்த ஆளுங்களே இப்படித்தான், ஏமாத்துவாங்க' என்ற பேச்சு கிளம்பும்.

'இந்த ஆளுங்க' என்ற சொல்லில் ஜாதி இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஜாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாக அருந்ததியர் போன்ற சில சமூகங்களின் தலையில் கட்டப்பட்டது. 2009-இல் பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 1993-லும் 2013-லும் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராகச் சட்டங்கள் வந்தன. இன்று ஐடி கட்டடத்து ஹவுஸ்கீப்பிங் சீருடைக்குள் பல ஜாதியினரும், வடமாநிலத்தவரும் இருக்கிறார்கள். ஆனாலும் வேலையோடு ஒட்டிய தீட்டு சீருடையோடும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சர்வீஸ் லிஃப்ட் காலியாக இல்லாவிட்டால் படியில் போ, கேன்டீன் மேஜையில் உட்காராதே, கழுவுகிற கழிவறையைப் பயன்படுத்தாதே என்று எழுதாத விதிகள் அப்படியே ஓடுகின்றன. கடைசியாகச் சொன்னது எனக்குச் சகிக்க முடியாத ஒன்று. பதினாறாவது மாடியில் இருபது கமோடு கழுவுகிற பெண், மாதவிலக்கு நாளில்கூட, அடித்தளத்து வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் இருக்கிற ஒரே கழிவறைக்கு இறங்கிப் போக வேண்டும் என்றால், அதற்குப் பாதுகாப்பு, ஒழுங்கு என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது தீண்டாமைதான்.

இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன் ஐம்பது வயது அம்மாவை 'ஏய் லட்சுமி' என்று கூப்பிடுவதும், அவர் அவனைச் 'சார்' என்பதும் நாம் கவனிக்கவே கவனிக்காத காட்சி. அக்கா, அம்மா, அண்ணா என்று கூப்பிட நம் மொழியில் வழி இருக்கிறது. தெருவில் வழி கேட்கும்போது முன்பின் தெரியாதவரை அண்ணா என்கிற அதே வாய்தான் இது.

மறுபக்கம், புகழ்ச்சி. 2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுக்கக் கை தட்டினோம், தட்டு தட்டினோம். கொரோனா காலத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பாத பூஜையும் செய்தார்கள். செய்தவர்களின் மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'சேவை', 'தெய்வம்' என்று உயர்த்தி வைக்கிற பேச்சுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. தெய்வத்திடம் யாரும் சம்பளச் சீட்டு பற்றிப் பேச மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் துப்புரவுப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டது பட்டமோ சால்வையோ இல்லை. வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே, பணியை நிரந்தரமாக்கு என்பதைத்தான் கேட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த செய்தி வரும்போதெல்லாம் ஊரே கொதிக்கிறது, கொதிக்கவும் வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் அப்படி வைக்கப்படுகிற பிள்ளை யார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறை, வராண்டா, பல இடங்களில் கழிவறையும்கூட, பிள்ளைகள்தான் முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். அங்கே முறை எல்லோருக்கும் வரும். அந்த 'எல்லோருக்கும்' இல்லாமல் அதை இங்கே கொண்டுவந்தால் பழைய கொடுமைக்குப் புதுப்பெயர் வைத்தது போல் ஆகிவிடும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் எந்தப் பிள்ளையின் கையிலும் இருக்கவே கூடாது என்பது தனி விஷயம்.

பயன்படுத்துகிறவர்களால் குறைக்கக்கூடிய கஷ்டம் நிறைய இருக்கிறது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டால் ஒரு அடைப்பு குறையும். கூடையே வைக்காத நிர்வாகத்திடம் அதைக் கேட்டு வாங்குவது படித்துச் சம்பாதிக்கிற பெண்களுக்கு எளிது, கழுவுகிறவருக்குக் கடினம். அடைத்தால் கடைசியில் கையை விடப்போவது அவர்தான். டிபன் பாக்ஸ் சோற்றையும் டீத்தூளையும் பேசினில் கொட்டாமல் இருக்கலாம், கீழே இருக்கிற வளைவில் அவைதான் போய்க் களியாகின்றன. மஞ்சள் பலகை வைத்திருந்தால் இரண்டு நிமிடம் நிற்கலாம், அல்லது வேறு மாடிக்குப் போகலாம். ஈரத் தரையில் செருப்புக் காலோடு நடந்துவிட்டு 'சாரி' சொன்னால், அவர் மறுபடி மூலையிலிருந்து பின்னால் நடக்க வேண்டும்.

நிர்வாகத்தில் இருக்கிறவர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. துப்புரவுக்கு டெண்டர் எழுதும்போது 'இத்தனை ஆள்' என்று எழுதாதீர்கள். கமோடு எத்தனை, யூரினல் எத்தனை, தரை எத்தனை சதுர அடி, முழுக் கழுவல் எத்தனை முறை, மேலோட்டம் எத்தனை முறை என்று எழுதி, மேலே சொன்ன மாதிரி நிமிடத்தைக் கூட்டி, அதிலிருந்து ஆள் கணக்குக்கு வாருங்கள். கையுறை மூன்று அளவில், மாப் கட்டை நீளம், துணி நிறம், எந்தத் திரவம் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் டெண்டரிலேயே இருக்கட்டும். அதை எழுதும் முன் இப்போது வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். உட்கார வைத்து என்று அழுத்திச் சொல்கிறேன். 2021-இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றே எழுத வேண்டியிருந்தது.

குடிதண்ணீர், கழிவறை, ஓய்வறை, முதலுதவி இவற்றை ஒப்பந்தக்காரர் தராவிட்டால் அவர்களிடம் வேலை வாங்குகிற நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சம்பளம் தராவிட்டாலும் அப்படித்தான். 'அவங்க எங்க ஆளுங்க இல்ல, ஏஜென்சி ஆளுங்க' என்று கைகழுவ அந்தச் சட்டத்தில் இடமே இருந்ததில்லை.

குறைந்த தொகை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்கு முன் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு, அது முழுதும் அடிப்படைச் சம்பளம் என்றால், ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். பிஎஃப்புக்கு அவர் பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். நிறுவனப் பங்கும் அதே அளவு. சீருடை, கையுறை, திரவம், வாராந்திர விடுப்பு நாளுக்கு மாற்று ஆள், இதற்கெல்லாம் செலவு உண்டு. இவற்றைக் கூட்டி வருகிற தொகைக்கும் கீழே ஒருவர் விலை கேட்டிருந்தால், அந்த வித்தியாசத்தை அவர் தன் கையிலிருந்து போடப்போவதில்லை. மாதக் கடைசியில் நாலைந்து பேரின் சம்பளச் சீட்டையும், அவர்கள் செல்போனில் பிஎஃப் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்பதையும் அவர்கள் அனுமதியோடு பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.